38பி இல்லை, 34இ: பிரா அளவை வீட்டிலேயே சரியாக எடுப்பது எப்படி?

திருச்சி உறையூரில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் நான். அளவுக்கு வரும் பெண்களைச் சுற்றி டேப்பைப் போடும்போதே பிரா சரியில்லை என்பது பல நேரம் தெரிந்துவிடும். முதுகில் பட்டி மேலே ஏறி வளைந்து நிற்கும், தோளில் ஸ்ட்ராப் பள்ளம் பறித்திருக்கும், அக்குள் ஓரம் சதை பிதுங்கும். கேட்டால், "கடையிலயே அளந்துதான்க்கா கொடுத்தாங்க" என்பார்கள்.

கடையில் எப்படி அளக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், எனக்கும் அளந்திருக்கிறார்கள். சென்னையில் ஒரு மால் கடை. அளவெடுக்கவென்றே நிறுத்தியிருந்த பெண், சிரித்த முகம், மரியாதையான பேச்சு, குறை சொல்ல ஒன்றுமில்லை. சுடிதாருக்கு மேலேயே, உள்ளே பேடு வைத்த பிராவோடு அளந்தார். மார்புக்குக் கீழே 33 அங்குலம். ஒற்றை எண் என்பதால் அதோடு 5 கூட்டி 38, அது பட்டி அளவு. மார்பின் மேல் 40. நாற்பதில் முப்பத்தெட்டு போனால் இரண்டு, இரண்டென்றால் பி கப். ஆக 38பி. இரட்டை எண்ணாக இருந்திருந்தால் 4 கூட்டியிருப்பார், அவ்வளவுதான் கணக்கு. அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் பிராவும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது.

நாலோ ஐந்தோ கூட்டும் இந்தப் பழக்கம் எலாஸ்டிக் இல்லாத துணிப் பட்டிக்கு ஒருவேளை பொருந்தியிருக்கலாம். லைக்ரா என்று நாம் சொல்லும் இழுபடும் நூல் 1958-இல் வந்தாயிற்று. இன்றைய பட்டி நன்றாகவே நீளும், அதற்கு மேலும் 5 கூட்டினால் தொளதொளவென்றுதான் நிற்கும். அப்படியும் கூட்டுகிறார்கள் என்றால், என் கணிப்பில் காரணம் சரக்குதான். நம் ஊர் அலமாரியில் அதிகம் இருப்பது 34, 36, 38, அதிலும் பி, சி. கூட்டிச் சொன்னால் யார் வந்தாலும் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம் சின்னக் கடைகளில் இது வேறு மாதிரி நடக்கும். "ஜாக்கெட் சைஸ் என்ன, 38ஆ? அப்ப 38 எடுத்துக்கோங்க." ஜாக்கெட்டின் 38 என்பது மார்பின் முழுச் சுற்றளவு. பிராவின் 38 என்பது மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி உட்காரும் பட்டி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு குழப்பத்தாலேயே வருடக்கணக்காக நாலு அங்குலம் பெரிய பட்டியைப் போட்டுக்கொண்டு, நழுவும் ஸ்ட்ராப்பை ஊக்கு குத்தி நிறுத்துகிறவர்கள் எத்தனையோ பேர்.

சரி, வீட்டில் எடுப்போம். முதலில் டேப்பைப் பாருங்கள். பழைய தையல் டேப் இழுபட்டு நீண்டிருக்கும், முனையில் உள்ள தகரம் கழன்று அரை அங்குலம் காணாமலும் போயிருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்து 12 அங்குலம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் மார்பு கனத்து வீங்கியிருக்கும், அப்போது வேண்டாம். பேடு உள்ள பிரா போட்டுக்கொண்டு அளக்காதீர்கள். ஒன்றும் போடாமல், அல்லது மெல்லிய காட்டன் பிரா போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நில்லுங்கள்.

மார்புக்குக் கீழே டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டு, தோலோடு ஒட்டும்படி இழுத்துப் பிடியுங்கள். பெரும்பாலும் முதுகுப்பக்கம் டேப் மேலே ஏறிவிடும், பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியில் பாருங்கள், தரைக்கு இணையாக இருக்கவேண்டும். இரட்டை எண் வந்தால் அதுவே பட்டி. ஒற்றை எண் வந்தால் பக்கத்து இரட்டை எண், பொதுவாக மேலே உள்ளது. எனக்கு 33, ஆகவே 34. எதையும் கூட்ட வேண்டாம்.

அடுத்து மார்பின் மிக எடுப்பான இடம். இங்கே டேப் இறுகக் கூடாது, தொட்டுக்கொண்டு நின்றால் போதும். நிமிர்ந்து நின்று ஒருமுறை, இடுப்பு வரை முன்னால் குனிந்து ஒருமுறை. குழந்தை பெற்றவர்களுக்கும் மார்பு தளர்ந்தவர்களுக்கும் குனிந்த அளவு கணிசமாகக் கூடும். இரண்டுக்கும் நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பட்டியைக் கழித்தால் கப் வரும். 1 அங்குலம் ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 டிடி, 6 இ. என் கணக்கு 40-இல் 34 போக 6. அதாவது 34இ.

"இ"யா என்று பதற வேண்டாம். கப்புக்கு எழுத்து வைக்கும் வழக்கம் 1930களில் அமெரிக்காவில் வந்தது. வார்னர் நிறுவனம் ஏ முதல் டி வரை வைத்ததோடு நிறுத்திக்கொண்டது. டி என்றால் கடைசி, டி என்றால் ரொம்பப் பெரியது என்ற எண்ணம் அப்படியே தங்கிவிட்டது. எழுத்துக்குத் தனியாக அளவு கிடையாது, பட்டியோடு சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம். 30டி போடும் ஒல்லிப் பெண்ணைத் தெருவில் பார்த்தால் மார்பு பெரியது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

டிடி தாண்டினால் ஒவ்வொரு நாட்டு லேபிளும் ஒவ்வொரு விதம். பிரிட்டன் அளவில் இ என்பது அமெரிக்க அளவில் டிடிடி. சிங்கப்பூரிலிருந்து அத்தை வாங்கிவரும் பிராவில் 75 என்று இருந்தால் அது சென்டிமீட்டர், நம் 34-க்குச் சமம். 70 என்றால் 32, 80 என்றால் 36. அதில் வரும் கப் எழுத்தை மட்டும் அப்படியே நம்பாமல் போட்டுப் பாருங்கள்.

உங்கள் அளவு கடையில் இல்லை என்றால் பக்கத்து அளவு ஒன்று உண்டு. பட்டியை ஒரு படி ஏற்றினால் கப்பை ஒரு படி இறக்க வேண்டும், துணியின் கொள்ளளவு ஏறக்குறைய அதேதான். 34இ கிடைக்காவிட்டால் 36டிடி, கணக்குப்படி அதற்கும் அடுத்தது 38டி. இப்போது அந்த மால் கணக்கைப் பாருங்கள். 38 பட்டியிலேயே எனக்கு டி தேவை, கொடுத்தது பி. பட்டியும் பெரிது, கப்பும் சின்னது. பட்டி 30-க்குக் கீழே வரும் மெலிந்த பெண்களுக்கு நம் ஊரில் இந்தப் பக்கத்து அளவுதான் வழி, ஆனால் ஒரு படிக்கு மேல் போகாதீர்கள், பிடிமானம் போய்விடும்.

இந்த எண் ஒரு தொடக்கம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போட்டுப் பார்ப்பதுதான் உண்மையான அளவு. புதுப் பிராவை எப்போதும் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பாருங்கள். நாளாக நாளாகப் பட்டி நீளும், அப்போது உள்ளே தள்ளி மாட்டத்தான் மற்ற வரிசைகள். முதல் நாளே உள் வரிசையில் மாட்டினால்தான் நிற்கிறது என்றால் அதை வாங்காதீர்கள்.

மாட்டிய பிறகு முன்னால் குனிந்து, ஒரு கையால் கப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அக்குள் பக்கம் விட்டு அங்கே ஒதுங்கிக் கிடக்கும் சதையை முன்னால் இழுத்து உள்ளே விடுங்கள். இரண்டு பக்கமும். அக்குள் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி, சின்னக் கப் வெளியே தள்ளிய மார்பாக இருக்கலாம். இதைச் செய்ததும் சரியாக இருந்த கப் மேலே வழிய ஆரம்பித்தால் ஒரு எழுத்து ஏற்றுங்கள்.

பிறகு பாருங்கள்: முதுகுப் பட்டி முன்பக்கத்துக்கு நேராகக் கீழே நிற்கிறதா, இரண்டு விரல் நுழைகிறதா, கப்பின் அடியில் வயர் உள்ளதென்றால் இரண்டு கப்புக்கும் நடுவில் உள்ள பாகம் நெஞ்செலும்பில் தட்டையாகப் படிகிறதா, வயர் சதை மேல் ஏறாமல் மார்பைச் சுற்றி உட்காருகிறதா. இரண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். பட்டி இருந்த இடத்திலேயே நின்றால் நல்லது, சரிந்தால் அது பெரிது. தூக்கிப் பிடிப்பது பட்டியின் வேலை. ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்துக் குட்டையாக்கினால் முதுகு மேலே போகும், தோள் வலிக்கும், மார்பு இறங்கிய இடத்திலேயே கிடக்கும்.

பட்டி இறுக்கமாகத் தெரிந்தால் உடனே பெரிய எண்ணுக்குத் தாவாதீர்கள். பிராவைப் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி, கப் முதுகில் இருக்கும்படி மாட்டிப் பாருங்கள். அப்போது மார்பு இடத்தை அடைக்காது, பட்டி மட்டும் பேசும். அப்படிப் போட்டால் சுகமாக இருந்து, நேராகப் போட்டால் இறுகுகிறது என்றால் குற்றம் கப்பில், கப் போதாமல் பட்டியின் துணியைத் தன் பக்கம் இழுக்கிறது. தைக்கிறவள் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

கப்பில் சுருக்கம் விழுந்தால் எல்லோரும் கப் பெரிது என்கிறார்கள். பல சமயம் உல்டா. மார்பு கப்புக்குள் இறங்காமல் பாதியில் நிற்பதால் மேலே காற்று நிற்கிறது. ஒரு எழுத்து ஏற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். இரண்டு மார்பும் ஒரே அளவு இருப்பது அபூர்வம், பெரிய பக்கத்துக்கு வாங்குங்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் புதிதாக மாறினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் உள்ளே இழுத்தாற்போல் இருந்தாலோ டேப்பை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

"திருச்சி வெயிலுக்கு இறுக்கமா போட்டா வேர்க்குரு வந்துடும்" என்பார் என் மாமியார். ஆனால் தளர்ந்த பட்டியும் நடக்க நடக்க ஏறி இறங்கித் தேய்க்கும். காட்டன் எடுங்கள், சரியான பட்டி எடுங்கள், வேர்த்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பல கடைகளில் உள்ளாடையைப் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், திருப்பியும் வாங்கமாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டையும் கேளுங்கள். கவுன்டரில் ஆள் இருக்கிறாரே என்று குரலைத் தாழ்த்த வேண்டாம், காசு நம்முடையது. எதுவும் முடியாது என்றால் ஒன்றே ஒன்று வாங்கி, வீட்டில் போட்டு, உட்கார்ந்து, குனிந்து, கையைத் தூக்கிப் பார்த்து, பிடித்தால் அதே ரகத்தில் இன்னும் இரண்டு. மூன்று சேர்ந்த பெட்டியை முதலிலேயே எடுக்காதீர்கள்.

கடைசியாக என் தொழில் விஷயம். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுப்பதற்கு முன்பே பிராவை மாற்றிவிடுங்கள். சரியான பிரா போட்டதும் மார்பு மேலே ஏறும், தோளிலிருந்து டாட் பாயிண்ட் (மார்பின் எடுப்புக்காக மடித்துத் தைக்கும் டாட்டின் முனை) வரை உள்ள நீளம் குறையும். பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனால் டாட் எல்லாம் கீழே போய் உட்காரும், அப்புறம் துணியைக் கெடுத்துவிட்டாள் என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். புதுப் பிராவைப் போட்டுக்கொண்டு நேரில் வாருங்கள். ஸ்ட்ராப் வெளியே தெரியாமல் இருக்கத் தோளின் உள்பக்கம் பிரஸ் பட்டன் வைத்த சின்ன நாடா கேளுங்கள், எந்தத் தையல்காரரும் வைத்துத் தருவார். பழைய ஜாக்கெட்டில் டாட்டைப் பிரித்து மேலே ஏற்றலாம், டாட்டுக்குப் பதில் நீளத் தையல் போகும் பிரின்சஸ் கட் என்றால் அது கஷ்டம்.