ஊசி குத்திவிட்டதா? முதல் இரண்டு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

புதிதாக வார்டுக்கு வரும் நர்சிங் பிள்ளைகளிடம் முதல் நாளே கேட்பேன்: "ஊசி விரலில் குத்திவிட்டது, என்ன செய்வாய்?" பாதிப் பேர் பதில் சொல்வதற்குள் விரலை வாய்க்குக் கொண்டுபோய்விடுவார்கள். சின்ன வயதில் முள் குத்தியபோது வந்த பழக்கம். ஆனால் இது நோயாளிக்குப் போட்ட ஊசி; எச்ஐவியும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸும் இதன் வழியே தொற்றலாம்.

1. கழுவுங்கள்
கிளவுஸைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைச் சப்பாதீர்கள், பிதுக்காதீர்கள். ஸ்பிரிட், பிளீச்சிங் எல்லாம் வேண்டாம், தோல்தான் புண்ணாகும். கண்ணில் ரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீர் அல்லது சலைன் போதும். லென்ஸ் போட்டிருந்தால் அதோடேயே கழுவி, அப்புறம் கழற்றி மறுபடி கழுவுங்கள்.

2. சொல்லுங்கள்
பயிற்சிக் காலத்தில் ஒரு நைட் டியூட்டியில் எனக்குக் குத்தியது. இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவாரே என்று விடியும்வரை வாயைத் திறக்கவில்லை. திட்டு விழுந்ததென்னவோ மறைத்ததற்குத்தான். டியூட்டி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் குத்தியது, எந்த ஊசி, அதில் ரத்தம் இருந்ததா, யாருக்குப் போட்டது என்று எழுதி வையுங்கள்.

3. மருந்து
எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்றுதான். அதையும் வெகுவாகக் குறைக்க மாத்திரை இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மருந்து தேவை என்று டாக்டர் சொன்னால், நோயாளியின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் முதல் மாத்திரையைப் போடுங்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் வருகிறது. தினம் ஒன்று, 28 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிட்டாலோ முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் மருத்துவமனையில் மருந்து இல்லையா? சென்னையில் சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், தாம்பரம் சானடோரியம் எல்லாவற்றிலும் ஏஆர்டி மையம் (எச்ஐவிக்கு மருந்து தரும் மையம்) உண்டு.

4. ரத்தப் பரிசோதனை
உங்களுக்கு அன்றே ஒன்று, பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம். நோயாளிக்கு அவர் சம்மதத்தோடு மட்டும். எல்லாம் முடியும்வரை ஆணுறை அவசியம், ரத்ததானம் கூடாது.

5. இனி குத்தாமலிருக்க
1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி வெளிப்பட்டது நம் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். அவற்றை எடுத்த மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலாவிடம் கிளவுஸ்கூடக் கிடையாது. இன்று பெட்டி பெட்டியாக இருக்கிறது, ஆனால் கிளவுஸ் ஊசியைத் தடுக்காது. மூடியை ஒரு கையிலும் ஊசியை மறு கையிலும் பிடித்து மூடப் போகிறோம் பாருங்கள், அங்கேதான் பல பேருக்குக் குத்துகிறது. மூடவே மூடாதீர்கள். ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நேராக அதில் போடுங்கள். முக்கால் நிரம்பியதும் மாற்றுங்கள். மூடியே ஆக வேண்டுமென்றால், மூடியை டிரேயில் கிடத்தி ஒரே கையால் ஊசியை உள்ளே நுழைத்து எடுங்கள்.

அப்புறம், ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு எச்ஐவியைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி) அளவு 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.