வன்னியில் இருந்தே வாய்ப்புற்றின் மரபணுக்களைப் படிக்க

நல்லது கெட்டது எதுவானாலும் எங்கள் பக்கம் வெற்றிலைத் தட்டம் வரும், அதிலுள்ள பாக்கு தனியாகவே வாய்ப்புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதனால் இந்த நோயை நாங்களும் படிக்கவேணும். ஆய்வுகூடம் தேவையில்லை, கிளிநொச்சியில் ஒரு மடிகணினியும் இணைய இணைப்பும் போதும்.

முதலில் புற்றுநோய் மரபணுத் தரவுகளை இலவசமாகக் காட்டும் சிபயோபோர்ட்டல் (cBioPortal) தளத்தில், டிசிஜிஏ (TCGA) என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் தலை, கழுத்துப் புற்றுத் தொகுப்பைத் திறந்து டிபி53 (TP53), சிடிகேஎன்2ஏ (CDKN2A), நாட்ச்1 (NOTCH1) என்ற மரபணுக்களைத் தேடுங்கள், எத்தனை கட்டிகளில் அவை மாறியிருக்கின்றன என்று உடனே தெரியும்.

அப்புறம் புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழி. கட்டியிலும் நல்ல திசுவிலும் ஜீன்கள் எவ்வளவு இயங்குகின்றன என்று ஒப்பிட அதிலுள்ள டிஈசெக்2 (DESeq2) என்ற நிரல்தொகுப்பு நல்லது, ஆனால் அதற்கு ஒவ்வொரு ஜீனுக்கும் எண்ணப்பட்ட ஆர்என்ஏ துண்டுகளின் மூல எண்ணிக்கையையே கொடுங்கள். மடக்கை எடுத்த தசம எண்களை அது ஏற்காது, அவற்றை முழு எண்ணாக்கிப் போட்டால் முடிவு வரும், அது முழுக்கப் பிழை! பல ஜீன்களைச் சோதிக்கையில் சில தற்செயலாகவே வேறுபட்டதாகத் தெரியும், அதனால் அதற்கேற்பத் திருத்திய பி மதிப்பை (p-value) மட்டும் பாருங்கள், 0.05க்குக் கீழே.

புற்றை உண்டாக்கக்கூடிய பப்பிலோமா வைரஸ் (HPV) உள்ள கட்டிகளைப் பிரித்து வையுங்கள். அவற்றில் டிபி53 மாற்றம் அரிது, கலந்தால் இரு வகைக் கட்டிகளின் முடிவுகளுமே மங்கிவிடும்.

இன்னொன்று, இந்த டிசிஜிஏ தொகுப்பில் பெரும்பாலும் வெள்ளையின நோயாளிகள்தான். வெற்றிலை சப்புகிறவர்களின் கட்டிகளுக்கு ஜிஈஓ (GEO) என்ற இலவச மரபணுத் தரவுக் களஞ்சியத்தில் இந்தியத் தரவுகளைத் தேடி, அதே கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.