கடலோர ஊர்களில் மரபணு மாதிரி சேகரிக்கும்போது

மரபணுத் தரவு ஒரு சாராரை மட்டுமே காட்டும் சாய்வு, மாதிரி எடுக்க எந்த நாளில் எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. கடலூர்க் கடலோரத்தில் பணிபுரிவோர், விசைப்படகுகளுக்குத் தடையுள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. மற்ற மாதங்களில் பகலில் போனால், ஆண்கள் பலர் கடலிலும் பெண்கள் பலர் மீன் சந்தையிலும் இருக்க, வீட்டிலுள்ள முதியோரின் இரத்தமே ஊரின் இரத்தமாகப் பதிவாகிவிடும்.

உலகத் தரவு ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்ததுதான். நோய்களோடு மரபணுக்களைத் தொடர்புபடுத்தும் ஆய்வுகளில் பங்கேற்றோரில் ஐரோப்பிய வழியினர் 2009-இல் 96 விழுக்காடு. 2016-இலும் 81 விழுக்காடு.

படிவத்தில் அதிகக் கவனம் வேண்டிய இடம் ‘சமூகம்’ என்ற கட்டம். ‘தமிழர்’ என்று எழுதினால் எதுவும் தெரியாது. சாதிப் பெயரை மட்டும் எழுதினால் எல்லாம் தெரிந்ததுபோல் ஒரு மயக்கம் வரும் (என் பார்வையில் இரண்டாவதே மோசம்). தாத்தா பாட்டி நால்வரும் பிறந்த ஊர், வீட்டில் பேசும் மொழி, பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். ‘ஆமாம், சொந்தம்தான்’ என்ற விடையோடு நிறுத்திவிடக் கூடாது. தாய் தன் அத்தை மகனை மணந்திருந்தால், ஒரு மரபணுவின் இரு படிகளும் (தாய்வழி வந்த நகல், தந்தைவழி வந்த நகல்) ஒரே மூதாதையிடமிருந்து பிள்ளைக்கு வந்திருக்கும் வாய்ப்பு 16-இல் 1. தாய்மாமனை மணந்திருந்தால் 8-இல் 1. ஆகவே ‘அம்மாவுக்கு அப்பா என்ன முறை?’ என்று கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தார் சம்மதித்தாலும் ஒவ்வொருவரின் ஒப்புதலையும் தனியே பெற வேண்டும் என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை. படிவத்தை வாசித்துக் காட்டியபின், புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இந்த நோய்க்கு மட்டுமா, பிற ஆய்வுகளுக்குமா, வேறு ஆய்வகங்களுக்கும் தரலாமா என்பவற்றுக்குத் தனித்தனிக் கையொப்பம் வேண்டும். அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வு என்று நம்பி 1990-களில் கொடுத்த இரத்தம் மனச்சிதைவு, இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் போனதறிந்து வழக்காடி, 2010-இல்தான் மாதிரிகளைத் திரும்பப் பெற்றார்கள். பிற ஆய்வகங்களுக்குப் போய்விட்ட தரவை முழுவதும் மீட்க முடியாது என்பதையும் மறைக்காமல் முன்னரே சொல்லிவிடுங்கள்.

கட்டுரை வெளியிடும்போது குப்பத்தின் பெயரை அச்சிடாதீர்கள், மாவட்டத்தோடு நிறுத்துங்கள். நூறு வீடுகள் மட்டுமே உள்ள ஊரின் பெயரோடு ஓர் அரிய நோயின் பெயரைச் சேர்த்துவிட்டால், மாதிரி கொடுக்காத வீட்டுக்கும் பெண் கேட்டு வருவோர் தயங்குவார்கள்.