கீமோவும் முடி உதிர்வும்: முதல் 14 நாளில் கோட்டை விடுபவை

கீமோ ஏறிய மறுநாளே முடி கொட்டாது. முதல் வாரம் தலை அப்படியே இருக்கும். "எனக்குக் கொட்டாது போலிருக்கே" என்று ஒரு நம்பிக்கைகூட வந்துவிடும். 14-ஆம் நாளை ஒட்டி மண்டைத்தோல் தொட்டாலே வலிக்கும், அரிக்கும். அடுத்த சில நாளில் தலையணை முழுக்க முடி. அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதுதான் பலரும் செய்கிற தவறு.

எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி கொட்டாது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பாக இறங்கும் டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் ஆகியவற்றில் பெரும்பாலும் முழுதாகவே போய்விடும். கேப்சிடபின் மாத்திரையில் கொஞ்சம் அடர்த்தி குறையும், அவ்வளவுதான். கதிர்வீச்சு பட்ட இடத்தில்தான் உதிரும். மார்பகத்துக்குக் கொடுத்தால் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது. இது தெரியாமல் சிகிச்சைக்கே வரமாட்டேன் என்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், முடி கொட்டவில்லை, அப்படியென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று கவலைப்படுபவர்களும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. முடியின் வேரில் உள்ள செல்கள் வேகமாகப் பெருகுபவை. புற்றுச் செல்லைத் தாக்கும் மருந்து அவற்றையும் தாக்குகிறது. கட்டி சுருங்குகிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

நீளமான கூந்தல் உள்ளவர்களுக்கு நேரும் சங்கடம் ஒன்று இருக்கிறது. சீப்பு வைத்தால் கொட்டிவிடுமே என்று பயந்து, எண்ணெய் தடவி இறுக்கமாகக் கொண்டை போட்டு நாலைந்து நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். வேரிலிருந்து கழன்ற முடி கீழே விழ வழியில்லாமல், இன்னும் கழலாத முடியோடு பின்னிக்கொள்கிறது. அதன் மேல் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தால் கம்பளி மாதிரி ஒரே கட்டியாகிவிடும். பிறகு எந்தச் சீப்பும் இறங்காது. வலிக்க வலிக்கக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே முதல் டோஸுக்கு முன்போ, முதல் வாரத்திலோ தோளுக்கு மேலே வெட்டிவிடுங்கள். அகலப்பல் சீப்பால், நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறி, தினமும் ஒருமுறை சீவுங்கள். சீவினாலும் சீவாவிட்டாலும் கழன்ற முடி கழன்றதுதான். வாரம் இரண்டு முறை குழந்தைகளுக்கான ஷாம்பு போதும். தேய்க்காமல் ஊற்றி அலசுங்கள். குளியலறை வடிகாலில் ஒரு வலை போட்டு வையுங்கள்.

மொட்டை போடுவதிலும் நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் அல்ல. பல கீமோக்களில் மருந்து ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளையணுக்கள் மிகவும் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் சவரக்கத்தி போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி புகுந்துவிடும். வீட்டிலேயே டிரிம்மரில் பாதுகாப்புச் சீப்பை மாட்டி, சில மில்லிமீட்டர் விட்டு வெட்டுவதே நல்லது. கோயிலில் மொட்டை என்று வேண்டுதல் இருந்தால் சிகிச்சை முடிந்து, ரத்த அணுக்கள் சரியான பிறகு வைத்துக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. தலையில் சீழ்க்கொப்புளமோ, 100.4 டிகிரி காய்ச்சலோ வந்தால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வெங்காயச் சாறு, சூடான எண்ணெய் மசாஜ், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூலிகைத் தைலம், எதுவும் இந்த உதிர்வை நிறுத்தாது. மெலிந்து நொந்துபோன தோலில் வெங்காயச் சாறு எரிச்சலைத்தான் கொடுக்கும். வறட்சிக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். பயோட்டின் மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோபோனின் உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக் காட்டும்.

உண்மையில் உதவக்கூடியது தலையைக் குளிர்விக்கும் தொப்பி. மருந்து ஏறுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே மாட்டி, ஏறி முடிந்த பிறகும் மருந்துக்குத் தக்கபடி கழற்றாமல் வைத்திருக்க வேண்டும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் வேருக்குப் போகும் மருந்து குறைகிறது. முதல் டோஸிலேயே தொடங்க வேண்டும். கொட்டத் தொடங்கிய பிறகு கேட்டுப் பெரிய பயனில்லை. எல்லோருக்கும் பலிக்காது, ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதும் இல்லை.

விக் வாங்குவதாக இருந்தால் முடி இருக்கும்போதே போய் நிறம், வகிடு, நெற்றியோரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மொட்டைத் தலையின் சுற்றளவு குறைந்துவிடும் என்பதால் உள்ளே இழுத்து இறுக்கும் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கை நார் விக்கோடு அடுப்படிக்குப் போகாதீர்கள்: குக்கர் ஆவி பட்டாலே முன்முடி சுருண்டு பொசுங்கிவிடும். சமைக்கும்போது பனியன் துணித் தொப்பி போதும். விக்குக்கு அடியிலும் அதையே போட்டால் வியர்வை குத்தாது. இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்குமா என்று மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

தலையை மட்டும் நினைத்து மற்றதை மறந்துவிடுகிறோம். இமைமுடி போனால் தூசி நேராகக் கண்ணில் விழும். வெளியே போக வெறும் கண்ணாடியாவது போடுங்கள். மூக்கின் உள்முடியும் போவதால் சளி பிடிக்காமலே மூக்கு ஒழுகும். புருவம் இருக்கும்போதே நேராக ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பிறகு பென்சிலால் வரைய உதவும். மதிய வெயிலில் வெறும் தலையோடு போகாதீர்கள். குடை, பருத்தித் துணி, எஸ்பிஎஃப் 30 கிரீம் எதுவானாலும் சரி.

கடைசி கீமோ முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பூனைமுடி வரும். பிறகு மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் கணக்கு. முதலில் நரைத்தோ சுருண்டோ வரலாம், பெரும்பாலும் பிறகு பழையபடி மாறும். அந்த நரையைப் பார்த்ததும் டையைத் தேடி ஓடுவதுதான் கடைசித் தவறு: புதுத் தோல் தாங்காது. குறைந்தது 6 மாதம் பொறுங்கள். அதற்குள்ளும் முடி சரியாக முளைக்கவில்லை என்றால் தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் பார்த்துவிட்டு, தோல் மருத்துவரிடம் போகலாம்.