சித்திரை வெயிலில் வீட்டு வத்தல் தொழில்: சோர்ந்து போகாமல் நடத்துவது எப்படி?

சித்திரையில் ஈரோட்டுப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. வீட்டில் வத்தல் போட்டு விற்க ஆசையாகத் தொடங்கும் பலர் முதல் கோடையிலேயே விட்டுவிடுகிறார்கள். கைப்பக்குவம் இல்லாமல் அல்ல. பகலெல்லாம் மொட்டை மாடிக்கும் அடுப்படிக்கும் அலைந்து, மத்தியானம் தலை கிறுகிறுத்து, மறுநாள் எழவே மனசு வராமல் போய்விடுகிறது. மனசு சோர்வதற்கு முன்னால் உடம்புதான் சோர்கிறது. அதனால் முதலில் நேரத்தைச் சரி செய்யுங்கள்.

படி 1: விடியும் முன் அடுப்பு வேலையை முடியுங்கள்

முந்தின நாள் ராத்திரியே ஜவ்வரிசியை ஊற வைத்துவிடுங்கள். காலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் காற்று குளுகுளுவென்று இருக்கும், கிண்டுவது சிரமமே தெரியாது. ஒரு டம்ளர் ஜவ்வரிசிக்கு 5 டம்ளர் தண்ணீர். வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும்வரை அடிபிடிக்காமல் கிண்ட வேண்டும். பச்சை மிளகாய் விழுது, சீரகம், உப்பு சேர்த்து இறக்கி, கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சைச் சாறு. உப்பை மட்டும் கை அடக்கிப் போடுங்கள். கூழில் சரியாக இருக்கும் உப்பு, காய்ந்து சுருங்கியதும் கரிக்கும்.

ஏழு மணிக்குள் வேட்டித்துணியில் கரண்டியால் ஊற்றிவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். பதினொன்றிலிருந்து நாலு மணிவரை மாடிப்படியே ஏறக் கூடாது. காயவைப்பது வெயிலின் வேலை, நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. கம்மங்கூழோ மோரோ குடித்துவிட்டுப் படுங்கள். அந்தத் தூக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 2: சின்ன அளவு, தினமும்

முதல் மாதம் ஒரு நாளைக்கு ஒரு கிலோ ஜவ்வரிசி போதும். ஐந்து கிலோ கிண்டிவிட்டு மூன்று நாள் படுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 3: நிழல் வேலை ஒன்றைத் தயாராக வையுங்கள்

கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. பகலெல்லாம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் இடியோடு கொட்டும். இரண்டு வருடம் முன்னால் ஊற்றிய அன்றைக்கே மழை பிடித்து, துணியோடு சேர்ந்து எல்லாம் கூழாகக் கரைந்து போனது. அன்று நான் அழுதேவிட்டேன், ஒரு வாரம் அடுப்புப் பக்கமே போகவில்லை. வத்தல் போனதைவிட அந்த ஒரு வாரம் போனதுதான் பெரிய நஷ்டம்.

இப்போது காலையிலேயே மூட்டமாக இருந்தால் ஊற்றுவதில்லை. அதற்கென்று வைத்திருக்கும் வேலையை எடுத்துவிடுவேன்: பாக்கெட் போடுவது, மஞ்சள் சலிப்பது, இட்லிப் பொடி வறுப்பது. மோர் மிளகாயும் கைகொடுக்கும். பகலில் காயவைத்து, ராத்திரி மறுபடி மோரில் போட வேண்டியதுதானே, ஒரு நாள் வெயில் இல்லையென்றால் மோரிலேயே கிடக்கும். ஒரு நாள்கூடக் கை சும்மா இல்லை என்றால் மனசு விட்டுப்போகாது.

படி 4: நோம்பி (திருவிழா) நாட்களை முன்கூட்டியே குறியுங்கள்

பங்குனி, சித்திரையில் மாரியம்மன் நோம்பி, கம்பம் நடுவது, தீர்த்தக்குடம் என்று வீடு நிறைய ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) இருப்பார்கள். அந்த நாட்களுக்கு ஆர்டர் எடுக்காதீர்கள். "நோம்பி முடிஞ்சு தர்றேனுங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொன்ன நாளில் தராமல் இருந்தால்தான் கோபம் வரும்.

லீவில் இருக்கும் பிள்ளைகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கொடுங்கள், காசும் கொடுங்கள்.

படி 5: சாயங்காலம் நோட்டில் எழுதுங்கள்

இன்று ஊற்றியது எவ்வளவு, காய்ந்து கிடைத்தது எவ்வளவு, செலவு எவ்வளவு. உங்கள் கூலியையும் கட்டாயம் எழுதுங்கள். கூலியைச் சேர்க்காமல் விலை வைத்தால் கொஞ்ச நாளில் வெறுப்புத்தான் மிஞ்சும்.

கோடையில் விற்பனை மந்தமாக இருக்கிறதே என்று மலைக்காதீர்கள். இந்த வெயிலில் பலர் தாங்களே வத்தல் போட்டுக்கொள்வார்கள். ஐப்பசி மழையில்தான் "அக்கா, வத்தல் இருக்குதுங்களா?" என்று போன் வரும். அப்போது காயவைக்க வெயில் இருக்காது. அதனால் காய்ந்ததில் பாதியை இப்போதே ஒதுக்குங்கள். வத்தலை ஒடித்துப் பாருங்கள்: வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும், 'டக்'கென்று ஒடிந்தால் போதும். சூடு ஆறியபின் ஈரமில்லாத தகர டப்பாவில் போட்டு, மூடிமேல் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.