தாமிர அணைவுச் சேர்மம் பாக்டீரியாவைத் தடுக்கிறதா? வட்டுப் பரவல் சோதனை, படிப்படியாக

ஈனி என்பது எலக்ட்ரான்களைத் தந்து உலோக அயனியோடு பிணையும் மூலக்கூறு; இரண்டும் பிணைந்து உருவாவதே அணைவுச் சேர்மம். அப்படிப் பிணையும்போது அயனியின் நேர்மின்சுமை ஈனியின் அணுக்களிலும் பரவுகிறது. அயனியின் முனைவுத்தன்மை (மின்சுமை ஓரிடத்தில் குவிந்திருப்பது) குறைவதால் சேர்மம் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்கிறது என்பது ட்வீடி என்ற ஆய்வாளர் தந்த விளக்கம். இது உங்கள் சேர்மத்துக்குப் பொருந்துமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். வட்டுப் பரவல் சோதனையில், சேர்மத்தில் நனைத்த காகித வட்டைப் பாக்டீரியா பூசிய தட்டில் வைப்போம்; வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் வந்தால் சேர்மம் தடுக்கிறது என்று பொருள். உயிருள்ள பாக்டீரியாவைக் கையாள்வதால், ஆய்வகத்தில் வழிகாட்டியுடன் மட்டுமே செய்யுங்கள்.

படி 1: சேர்மம். சூடான எத்தனாலில் சாலிசிலால்டிஹைடு 2 மோல், எத்திலீன்டைஅமீன் 1 மோல் என்ற விகிதத்தில் கலந்தால் பளிச்சென்ற மஞ்சள் படிகமாகச் சாலன் ஈனி கிடைக்கும். அதனுடன் சம மோல் தாமிர அசிட்டேட் சேர்த்தால் கரும்பச்சை வீழ்படிவு வரும். அதை நன்றாகக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் தாமிர உப்பே பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

படி 2: தட்டு. பாக்டீரியா வளர்க்கும் கூழான முல்லர்-ஹின்டன் அகாரை 121 டிகிரி செல்சியசில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), 4 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றுங்கள். ஆழம் கூடினால் வளையம் சுருங்கும்.

படி 3: பாக்டீரியா. ஈ. கோலையை உப்புநீரில் கலந்து, 0.5 மக்ஃபார்லண்ட் கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள். அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி செல்கள். 15 நிமிடத்துக்குள் பஞ்சுக் குச்சியை நனைத்து, குழாய்ச் சுவரில் அழுத்திப் பிழிந்து, தட்டை 60 டிகிரி திருப்பித் திருப்பி மூன்று முறை பூசுங்கள்.

படி 4: வட்டுகள். மொத்தச் சோதனையின் உயிர்நாடி இதுதான். 6 மி.மீ. காகித வட்டுகள் ஐந்து வேண்டும்: அணைவுச் சேர்மம், ஈனி மட்டும், தாமிர அசிட்டேட் மட்டும், கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும், ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து 10 மைக்ரோகிராம். முதல் மூன்றும் ஒரே மோலார் செறிவில், ஒரே கனஅளவில் இருக்க வேண்டும். ஈனியையும் உப்பையும் தனியே வைக்காமல் அணைவின் வளையத்தை மட்டும் காட்டினால், தடுத்தது அணைவுதான் என்று யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

படி 5: தட்டைக் கவிழ்த்து 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வையுங்கள். பிறகு வட்டையும் சேர்த்து வளையத்தின் விட்டத்தை அளந்திடுங்கள். தரச் சோதனைக்கான ஈ. கோலை ஏடிசிசி 25922 வகைக்கு ஜென்டாமைசின் வளையம் 19 முதல் 26 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு வெளியே போனாலோ, டிஎம்எஸ்ஓவைச் சுற்றி வளையம் வந்தாலோ, அந்தத் தட்டின் முடிவுகளை விட்டுவிடுங்கள்.

அணைவின் வளையம் சிறிதாக இருந்தால் மனம் தளர வேண்டாம். நீரில் எளிதில் கரையாத சேர்மம் அகாரில் மெதுவாகவே பரவும். திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டறியுங்கள். இரண்டு சேர்மங்களை ஒப்பிட அந்த எண்ணே நம்பகமானது. பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.