சிறு டிரஸ்டுகள் தொழில்நுட்பத்தில் சறுக்கும் இடங்கள்

"நம்ம டிரஸ்டுக்கு ஒரு ஆப் பண்ணணுங்க." சிறிய தொண்டு அமைப்புகளுக்குக் கணினி வேலையில் உதவுகிற என்னிடம் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. உங்களிடம் உதவிக்கு வருகிறவர் கையில் என்ன போன் இருக்கிறது, அது யாருடையது என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கும் பதில் தெரிவதில்லை.

விதவை உதவித்தொகைக்கு எழுதித் தரச் சொல்லி வரும் அம்மாவின் பெயருக்கு நேரே இருக்கும் எண் மகனுடையதாக இருக்கும். அவன் காலையில் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். ஆகவே எண்ணோடு சேர்த்து, அது யாருடையது, எந்த நேரத்தில் கூப்பிடலாம், அவருக்குப் படிக்க வருமா என்பதையும் எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போதும். இன்னொன்று: பலருக்கு ஒரே தடவையில் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். 200 பேருக்கு அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மக்களுக்குப் பழகிய கருவியின் அருமைக்கு ஓர் உதாரணம்: புதுச்சேரி நல்லவாடு மீனவர் கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் இருந்தது. ஊருக்குத் தேவையான செய்திகளை அங்கிருந்த ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்; ஊர் மக்கள் தப்பினார்கள். ஊர்க் காதுக்குப் பழகிய கருவி என்பதால்தான் அந்த நிமிடத்தில் அது உதவியது.

அடுத்தது பெயர்கள். நம் ஊர்ப் பட்டியல்களில் அதிகம் குழம்புவது இங்கேதான். ஒரு கண் சிகிச்சை முகாமின் எக்செல் கோப்பைச் சரிசெய்யப் போனேன். ஒரே பெண் மூன்று வரிகளில் இருந்தார்: அப்பா பெயரின் இனிஷியலோடு 'எம். செல்வி', கல்யாணத்துக்குப் பின் 'செல்வி கே', மூன்றாவதாக ஆங்கில எழுத்தில் 'செல்வி குமார்'. கண்புரை ஆபரேஷன் முடிந்தது ஒரு வரியில் பதிவாகியிருந்தது. மற்ற இரண்டிலும் 'வரவில்லை'. அதைப் பார்த்து ஆபரேஷன் ஆனவரையே மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே வராத பாட்டிகளைக் கூப்பிட வேண்டிய நேரம் அப்படிப் போயிருக்கிறது. முதல் நாளே ஆளுக்கொரு எண் கொடுத்து, அதைச் சிறு அட்டையில் எழுதி அவர் கையில் தந்துவிடுங்கள். இனிஷியலுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டிய பழைய பட்டியல்களை, எல்லாக் கணினியும் போனும் படிக்கிற யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடினாலும் கிடைக்காது. ஆயிரம் பேர் வரை எக்செல்லே தாராளம்.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு ஒன்று உண்டு. உதவி கேட்டு வரும் அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்துத் தன்னார்வலர் குழுவில் போட்டுவிடுகிறார்கள். குழுவில் 40 பேர் என்றால் 40 போன்களின் கேலரியில் அந்த அம்மாவின் நோய் உட்கார்ந்திருக்கும். குழுவைவிட்டுப் போனவர் போனிலும் இருக்கும். நம்மை நம்பித் தந்த காகிதம் அது. ஆதார் வேண்டுமென்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள். உங்களிடம் நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளையின் முகத்தைப் பள்ளிப் பெயரோடு முகநூலில் ஏற்ற வேண்டாம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

வெப்சைட், மெயில், வங்கி ஓடிபி எதுவும் ஒரு கல்லூரி மாணவரின் சொந்த எண்ணில் இருக்கக் கூடாது. படிப்பு முடிந்து அவர் பெங்களூரு போனபின் பாஸ்வேர்டு தேடி அலைந்த டிரஸ்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பணம். வாசலில் க்யூஆர் ஒட்டியதும் காசு வரும், யார் தந்தது என்று வராது. வரிச்சலுகைச் சான்று தர பெயர், முகவரி, பான் போன்ற அடையாள எண் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவதில் கூடுதல் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் அங்கே சம்பாதித்த பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட நம்மூர்ப் பையன் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. ஆன்லைன் நன்கொடைப் படிவத்தில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்க ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.